அப்பாவுக்கு ஒரு சத்தமில்லாத அறை

எங்கள் வீட்டுச் சாமி மணியின் நாக்கை இருபத்திரண்டு வருடங்களாக நான் கட்டி வைத்திருந்தேன். குளித்து, சமைத்து, விளக்கேற்ற எனக்குப் பத்து மணியாகும். மணியை ஆட்டினால், பழைய சேலைத் துண்டு சுற்றிய அந்த நாக்கு உள்ளுக்குள் தொப் தொப்பென்று முட்டும், அவ்வளவுதான். சாமிக்கு அது கேட்டதோ இல்லையோ தெரியாது. மேல்மாடியில் படுத்திருக்கும் என் கணவருக்குக் கேட்கக்கூடாது, அதுதான் எனக்கு வேண்டியது.

அவர் டுசல்டோர்ஃபில் ஒரு பெரிய பேக்கரியில் மாவு பிசைகிறவர். இரவு பதினொன்றரைக்கு வீட்டை விட்டு இறங்கினால் காலை எட்டேகாலுக்கு வருவார். சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு எழும்புவார். ஊருக்கெல்லாம் வெளிச்சமான அந்த நேரம் அவருக்கு நடுச்சாமம். ஆகவே அந்த ஆறு மணி நேரமும் எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. வாசல் மணியைக் கழற்றிவிட்டோம். கதிரைக் கால்களுக்குக் காலுறை போட்டோம். என் மகள் 'அம்மா' என்று சொல்லப் பழகுவதற்கு முன்பே உதட்டில் விரலை வைத்து 'ஸ்' என்று காட்டப் பழகியவள். யார் வந்தாலும் வாசலில் வைத்தே, "அப்பா படுத்திருக்கிறார்" என்று கிசுகிசுப்பாள். அவளுடைய பிறந்தநாள்களை எல்லாம் அடுத்தவர் வீடுகளில் கொண்டாடினோம்.

இதெல்லாம் அவர் கேட்டு நாங்கள் செய்தது என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஒருநாளும் கேட்டதில்லை. சட்டம் போட்டவளும் நான்தான், காவல் காத்தவளும் நான்தான்.

சத்தம் போட எங்களுக்கு இருந்த ஒரே இடம் நிலவறை. இங்கே எல்லோரும் கெல்லர் என்பார்கள். சலவை இயந்திரம், குளிர்காலத்து டயர்கள், அரிசி மூட்டை, உருளைக்கிழங்குச் சாக்கு எல்லாம் அங்கேதான். கிரைண்டரை அங்கே வைத்துத்தான் அரைப்பேன். ஊரிலிருந்து தொலைபேசி வந்தால் அங்கே ஓடிப்போய்த்தான் பேசுவேன். கோபமோ எனக்கு மூக்கு நுனியில் இருப்பது. அவர் மேல் கோபம் வந்தால் படியிறங்கிப் போய், கதவைச் சாத்திவிட்டு, உருளைக்கிழங்குச் சாக்குக்கு முன்னால் நின்று வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டித் தீர்ப்பேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே வந்து கறிக்கு உப்புப் பார்ப்பேன். என் அப்பா இறந்த செய்தி வந்தபோதும் அங்கேதான் இறங்கிப் போனேன். அப்போது கையில் இருந்தது அகதிப் பத்திரம், அதோடு ஊருக்குப் போக முடியாது. சலவை இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மகள் ஆஹென் நகரத்துக்குப் படிக்கப் போனாள். போன இரண்டாவது மாதம் ஒருநாள் தொலைபேசி எடுத்தாள்.

"அம்மா, பக்கத்து அறைப் பிள்ளை வந்து கதவில தட்டினவள். நான் சிரிக்கிற சத்தத்தில அவளுக்குப் படிக்க ஏலாதாம்."

"சரி பிள்ளை, மெல்லமாச் சிரியன்."

"இல்லையம்மா, எனக்குப் புழுகமாக் கிடந்தது. என்ரை சிரிப்பு இவ்வளவு பெலத்தது எண்டு எனக்கே இப்பத்தான் தெரியும்."

அவள் சந்தோசமாகத்தான் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டுப் படிக்கட்டில் இருந்துவிட்டேன். பத்தொன்பது வருடம் என் வீட்டில் இருந்த பிள்ளையின் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. முகம் தெரியும், பல் தெரியும், தோள் குலுங்குவது தெரியும். சத்தம் தெரியாது.

அதற்குப் பிறகு அவள் வருவது குறைந்தது. ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். ஞாயிறு மத்தியானம் வருவாள், பின்னேரம் போவாள். விடுமுறைக்கு வந்து இரண்டு கிழமை நின்றால் என்ன என்று கேட்டேன்.

"வந்து என்னம்மா செய்யிறது? கிசுகிசுக்கிறதோ?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். சாதாரணமாகக் கேட்டாள். படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. முடிந்தால் டிரெஸ்டனோ வேறெங்கேயோ வேலைக்குப் போய்விடுவாள். அதற்கு முதல் ஒரு தரமாவது அவள் வந்து என் வீட்டில் பெலத்துச் சிரிக்க வேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அப்படித்தான் நிலவறையை அவருக்குப் படுக்கையறையாக மாற்றும் யோசனை வந்தது. ஒரு சனிக்கிழமை தேத்தண்ணீரோடு விசயத்தை எடுத்தேன்.

"என்னை உயிரோடை புதைக்கப் பாக்கிறீரோ?" என்றார்.

"விசர்க்கதை கதையாதேங்கோ. மேலை வெயில், றோட்டுச் சத்தம். போன மாதமும் டிராமில நித்திரையாகிக் கடைசி ஸ்டேசன் வரைக்கும் போட்டு வந்தனீங்கள். உங்களுக்கு நல்ல நித்திரை வேணும்."

"நான் மேலை கிடக்கிறது உங்களுக்கு இடைஞ்சல்தான் என்ன?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கண் சிரிக்கவில்லை. மகள் சொன்னதை நான் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே போர்வையைத் தூக்கிக்கொண்டு கீழே போயிருப்பார். நாலைந்து நாள் கழித்து, வேலைக்குச் சப்பாத்துக் கட்டும்போது, "உமக்கு விருப்பமெண்டால் செய்யும்" என்றார். கேள்விப்பட்ட என் சிநேகிதி ஒருத்தி, கும்பகர்ணனுக்கு அரண்மனை கட்டுகிறாயா என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன், கீழே போய்.

நிலவறையில் ஆள் படுப்பதென்றால் இந்த நாட்டில் சும்மா கட்டிலைப் போட்டுவிட முடியாது. நகரசபைக்குப் படம் கீறி விண்ணப்பம் கொடுக்க வேண்டும். ஆபத்து வந்தால் ஆள் ஏறி வெளியே வரக்கூடிய அளவுக்கு யன்னல் வேண்டும். அனுமதி வந்து சேர நாலு மாதம் ஆனது. அதற்குப் பிறகு வேலைக்கு வந்தவர்கள் போலந்துக்காரர் இரண்டு பேர், அண்ணன் தம்பி. மூத்தவருக்கு அறுபது இருக்கும், பெரிய மீசை. இளையவர் ஐம்பதைத் தாண்டியவர், ஆனால் அண்ணனிடம் இன்னும் ஏச்சு வாங்குகிறவர். அவர்களுடைய ஜெர்மனும் என்னுடையதும் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல.

முதல் நாளே சொல்லிவிட்டேன், ஒன்பதிலிருந்து மூன்று வரை சத்தம் வேண்டாம், மேலே என் கணவர் படுத்திருக்கிறார் என்று. காரணம் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குக் காரணம் சொல்லிப் பழக்கமில்லை. மூத்தவர் தலையை ஆட்டிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். அன்றிலிருந்து படிக்கட்டைக் கடக்கும் ஒவ்வொரு தரமும் தொப்பியைக் கழற்றுவார். வான் வண்டியில் வந்து இறங்கும்போது சண்டை பிடித்துக்கொண்டு வரும் இரண்டு பேரும் வாசலைத் தாண்டியதும் பூனைபோல ஆகிவிடுவார்கள். கோப்பி கொடுத்தால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாக மறுப்பார்கள். எவ்வளவு மரியாதையான மனிதர்கள் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மூத்தவர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "வைத்தியர்கள் எவ்வளவு காலம் என்று சொல்கிறார்கள்?" என்று கேட்டார்.

"எதற்கு?"

"மேலே இருக்கிறவருக்கு."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பகல் முழுக்க மூடிய யன்னல், கிசுகிசுக்கிற மனைவி, சத்தம் வராத மணியை ஆட்டிக் கும்பிடுகிற கோலம். போதாக்குறைக்கு, காலையில் முகமெல்லாம் வெளிறி, சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறும் ஒருவரை அவர்கள் கண்டும் இருக்கிறார்கள். கடைசிக் காலத்தில் மனுசன் அமைதியாக இருக்கட்டும் என்று நான் அறை கட்டுகிறேன் என்று முடிவுகட்டிவிட்டார்கள். வாயைப் பொத்திக்கொண்டு நான் குலுங்கியதை அழுகை என்று நினைத்து இளையவர் தண்ணீர் எடுக்க ஓடினார்.

"வெளிறல் இல்லை, அது மாவு" என்று ஒருவாறு சொல்லி முடித்தேன். "பாண் சுடுகிறவர். இரவு வேலை."

மூத்தவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு தொப்பியைத் தலையில் போட்டார்.

இதைக் கேட்டு என் கணவரும் வயிறு குலுங்கச் சிரித்தார். அடுத்த நாளிலிருந்து வரும்போது சூட்டோடு ஒரு பாண் அவர்களுக்கென்று கொண்டுவந்தார். எட்டேகாலுக்கு நாலு பேரும் குசினியில் நின்று அதைப் பிய்த்துச் சாப்பிடுவோம். மூத்தவரும் வேலையை எங்கள் நேரத்துக்குப் பிரித்துக்கொண்டார். ஏழு மணிக்கு வந்து ஒன்பது வரை இடிப்பதும் துளைப்பதும். ஒன்பதுக்கு மேல் பூசுவது, அளப்பது, பஞ்சு வைப்பது, உடைத்த கல்லை வாளியில் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பது. மூன்று மணிக்கு மேல் மறுபடியும் இடி. முப்பது வருடத்தில் இப்படி வேலை செய்ததில்லை என்றார். ஒரு கல்லைச் சத்தமில்லாமல் வாளிக்குள் வைக்க இரண்டு கையும் வேண்டுமாம்.

சத்தம் எப்படிப் போகும் என்று எனக்குச் சொல்லித் தந்ததும் அவர்தான். புதுக் கூரை பழைய கூரையை எந்த இடத்திலும் தொடக்கூடாது. ரப்பர் வைத்த கொளுக்கிகளில் தொங்க வேண்டும். சுவரும் அப்படித்தான், நடுவில் பஞ்சு. ஓரிடத்தில் ஓர் ஆணி தொட்டால் போதும், செய்த வேலை எல்லாம் வீண், சத்தம் அந்த ஆணியைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். தம்பிக்கு ஏச்சு விழுவது பெரும்பாலும் இந்த ஆணி விசயத்தில்தான்.

இரண்டாம் கிழமை ஒரு பின்னேரம், கணவர் கடைக்குப் போயிருந்த நேரம், மூத்தவர் என்னைக் கீழே கூப்பிட்டார். சலவை இயந்திரத்துக்குப் பின்னால் சுவரோரமாக வெப்பமூட்டியின் இரும்புக் குழாய் ஒன்று மேலே போகிறது. அதை விரலால் சுண்டிக் காட்டினார்.

"இது நேராக மேலே படுக்கையறைக்குப் போகிறது. நடுவில் ஒரு தடையும் இல்லை. இங்கே தும்மினால் அங்கே கேட்கும்."

"கேட்காது. கதவைச் சாத்திவிட்டுத்தான் கிரைண்டர் போடுவேன்."

அவர், மேலே போய் நில்லுங்கள் என்று கையைக் காட்டினார். நான் மாடிக்குப் போய்க் கட்டிலின் ஓரத்தில், கணவர் படுக்கும் பக்கத்தில் இருந்தேன். குழாய் தலையணையிலிருந்து ஒரு முழ தூரத்தில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கீழே இரண்டு பேரும் போலிஷில் கதைப்பது கேட்டது. சத்தம் மட்டுமல்ல, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. அண்ணன் ஏதோ சொல்ல, தம்பி பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சும் கேட்டது.

இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து பதினாலு வருடம். தேங்காய் அரைத்தது, அக்காவோடு அவரைப் பற்றிக் குறை சொன்னது, உருளைக்கிழங்குச் சாக்குக்குச் சொன்ன அத்தனை வசவும் எனக்கு ஞாபகம் வந்தன. மாவு மூட்டை என்று திட்டியிருக்கிறேன். உம்மைக் கட்டினதுக்கு ஒரு மரத்தைக் கட்டியிருக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்காக அழுததும் இந்த வீட்டில்தான். வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சுட்டது.

ஒருவேளை நித்திரையாக இருந்திருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மனுசன் அடித்துப்போட்டதுபோலப் படுக்கிறவர். நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. குழாயைத் தடித்த பஞ்சால் சுற்றி அடைத்துவிடும்படி மூத்தவரிடம் சொன்னேன்.

ஏழு கிழமையில் அறை முடிந்தது. வெள்ளைச் சுவர், மரத்தளம், பெரிய யன்னல், அதற்கு வெளியே மண் சரியாமல் கட்டிய சின்னக் குழி. கதவைத் தம்பிதான் பொருத்தினார். சுற்றிவர ரப்பர் பதித்த பாரமான கதவு, சாத்தினால் காது அடைத்துக்கொள்ளும். கடைசி நாள் பரிசோதனை வைத்தோம். கணவர் புதுக் கட்டிலில் படுத்திருந்தார். நான் குசினியில், வாழ்க்கையில் முதல் தரமாக, கிரைண்டரை மேசையில் வைத்துப் போட்டேன். தம்பி சட்டிமூடி இரண்டைச் சேர்த்து அடித்தார். கதவைத் திறந்துகொண்டு கணவர் மேலே வந்தார்.

"தொடங்குங்கோவன். எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டு கிடக்கிறது?"

மூத்தவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டு தம்பியைக் கட்டிப்பிடித்தார்.

மகளுக்கு எடுத்துச் சொன்னேன். அவள் நம்பவில்லை. ஆனாலும் மார்ச் விடுமுறைக்கு ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். மூன்று கிழமை நிற்கப் போவதாகச் சொன்னாள்.

முதல் நாள் காலை, அவளுடைய அப்பா கீழே போய்க் கதவைச் சாத்தியதும் நாங்கள் இரண்டு பேரும் குசினியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"என்னம்மா சமைக்கிறம்?" என்று கிசுகிசுத்தாள்.

"பெலத்துக் கதை பிள்ளை, அப்பாவுக்குக் கேக்காது" என்று நானும் கிசுகிசுத்தேன்.

எத்தனை வருடத்துப் பழக்கம்! தொண்டை திறக்கவில்லை. அன்று முழுக்க அப்படியே போனது. அடுத்த நாள் பத்து மணிக்குச் சாமியறைக்குள் போய் மணியின் நாக்கிலிருந்து துணியை அவிழ்த்தேன். முடிச்சு இறுகிப் போயிருந்தது, பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. ஆட்டினேன். மணி கணீரென்று அடித்தது. நானே பயந்துபோய் அதை இரண்டு கையாலும் பொத்தினேன். திரும்பிப் பார்த்தால் மகள் வாசலில் நிற்கிறாள். என் கோலத்தைப் பார்த்தாள். அவளுக்கு முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு வாய் திறந்தது.

என் பிள்ளைக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. மேலே போய், கீழே விழுந்து, மூச்சு வாங்கி, மறுபடியும் ஏறுகிற சிரிப்பு. அந்தப் பக்கத்து அறைப் பிள்ளை கதவில் தட்டியதில் ஒரு குற்றமும் இல்லை. நானும் சிரித்தேன். சாமியறை வாசலில் நிலத்தில் இருந்துகொண்டு இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

அறைக்கு வெளியே படியடியில் ஒதுக்கியிருந்த மூட்டையிலிருந்து அரிசி எடுக்கக் கீழே போனேன். அப்போதுதான் கண்டேன். தம்பி அவ்வளவு பாடுபட்டுப் பொருத்திய பாரமான கதவு ஒரு சாண் திறந்து கிடந்தது. இடையில் என் கணவரின் மாவு படிந்த வேலைச் சப்பாத்து ஒன்று செருகியிருந்தது. தானாகத் தட்டுப்பட்டிருக்கும் என்று குனிந்து எடுக்கப் போனேன்.

"எடுக்காதேயும். நான்தான் வைச்சனான்" என்றார் உள்ளேயிருந்து.

கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். எனக்கு வந்ததே கோபம்.

"ஏழு கிழமை இடிச்சுக் கட்டினது என்னத்துக்கு? கதவைத் திறந்து போட்டுப் படுக்கவோ?"

"நேற்று மூடித்தான் படுத்தனான். ஒண்டும் கேக்கேல்லை. நீங்கள் வீட்டில இருக்கிறீங்களோ எண்டும் தெரியேல்லை. நித்திரை வரேல்லையப்பா." கொஞ்சம் எழும்பித் தலையணையில் சாய்ந்தார். "பிள்ளையோ சிரிச்சவள்?"

"ஓம்."

"அவளின்ரை கிசுகிசுப்பு மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அவருடைய கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. கட்டிலின் ஓரத்தில் இருந்தேன். இருந்த பிறகுதான், அத்தனை நாளும் விழுங்கி வைத்திருந்ததைக் கேட்கத் துணிவு வந்தது.

"மேலை அந்தக் குழாயால எல்லாம் கேட்டுதோ?"

"ஓம்."

"மாவு மூட்டை?"

"அதுவும்தான். மரம் எண்டதும்."

"அப்பா செத்த நேரம்..."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"பதினாலு வருசம் வாயைத் திறக்கேல்லையே! ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் சத்தம் போடாமல் இருந்திருப்பன், நீங்களும் ஒழுங்கா நித்திரை கொண்டிருப்பீங்கள்."

"சொல்லியிருந்தால் நீர் அதையும் விட்டிருப்பீர்" என்றார். "பிறகு எங்கை போய் அழுதிருப்பீர்?"

அவருடைய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். விரல் இடுக்கில் இன்னும் மாவு காய்ந்திருந்தது. மேலே குசினியில் பிள்ளை எதையோ கீழே போட்டாள். சட்டிமூடி ஒன்று உருண்டு உருண்டு அடங்கியது.

"அம்மா!" என்று கத்தினாள். "அரிசி எங்கை?"

பழக்கதோசத்தில் என் விரல் உதட்டுக்குப் போனது. அவர் அதைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"பிள்ளை கூப்பிடுறாள். பதில் சொல்லுமன்."

அவருடைய தலைமாட்டில் இருந்துகொண்டே, தொண்டை கிழிய, "வாறன்!" என்று கத்தினேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் எழும்பி அரிசியை அள்ளிக்கொண்டு, கதவு சாத்துப்படாதபடி அந்தச் சப்பாத்தை இடுக்கில் நன்றாக இறுக்கிவிட்டு மேலே போனேன்.